இரத்தச் சுத்திகரிப்பும் இரவுத் தூக்கமும்

(தோட்ட மண்டபமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சிறுநீரகங்கள் செயலிழந்தவர் பொதுவாக வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு இணைக்கப்படுகின்றார். வீடு திரும்புகையில் உடல் துவண்டுவிடுகின்றது. அத்தனை களைப்பிருந்தும் இரவில் உறக்கம் வருவதில்லை. இது மனப்பிரமையன்று, இந்நோயாளரிடையே மிகப் பரவலாகக் காணப்படும் துன்பமாகும். விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குச் செல்லவேண்டிய குடும்பத்தாருக்கும் அவரோடு சேர்ந்து தூக்கம் கெடுகின்றது.

இத்தகைய வேளையில்தான் புட்டிகளும் பொட்டலங்களும் வீட்டினுள் நுழைகின்றன. சம்பள நாளில் கடை விரிப்பவர், "இதைப் பருகுங்கள், நன்றாகத் தூக்கம் வரும், சிறுநீரகமும் தேறும்" என்கின்றார். உறவினரும் அன்பு மிகுதியால் வாங்கிக் கொடுக்கின்றனர். அந்த அன்பை நான் குறைகூறவில்லை. ஆயினும் ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நலமுள்ளவர் உட்கொள்ளும் சத்துகள் பலவற்றில் மிகுதியானதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நோயாளருக்கோ அவ்வழி அடைபட்டுவிட்டது. உள்ளே சென்றது, அடுத்த சுத்திகரிப்பு நாள் வரையில் உடலிலேயே தேங்கும். சில பொருள்கள் அதன் பின்னரும் தேங்கும்.

நம் நாட்டில் மெங்குடு என்று விற்கப்படும் நுணாப் பழச்சாற்றை எடுத்துக்கொள்வோம். அதில் பொட்டாசியம் மிகுதி. இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயம் திடீரென நின்றுவிடக் கூடும். இச்சாற்றைப் பருகிய சிறுநீரக நோயாளர் ஒருவருக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவிற்கு உயர்ந்ததை 2000ஆம் ஆண்டில் மருத்துவ ஏடொன்று வெளியிட்டது. பிலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழம் இதனினும் கொடிது. அதிலுள்ள நஞ்சு சிறுநீரகம் இழந்தவரின் மூளையைத் தாக்கும். முதலில் ஓயாத விக்கல், பிறகு மனக்குழப்பம், வலிப்பு, உயிரிழந்தவரும் உண்டு. அதனை ஒரு துண்டும் உண்ணலாகாது.

"மூலிகைதானே, என்ன தீங்கு?" என்று கேட்பவர் பலர். பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிய மூலிகை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தையே இழந்த செய்தி 1993இல் உலகறிய வெளிவந்தது.

வைட்டமின்கள் யாவும் தீயவை என்பது என் கருத்தன்று. பி வகை வைட்டமின்களில் ஒரு பகுதி சுத்திகரிப்பின்போது வெளியேறிவிடுவதால், மருத்துவரே அவற்றை எழுதிக் கொடுப்பதுண்டு. கடையில் விற்கும் பலசத்து மாத்திரை வேறு. அதிலுள்ள வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போகும். வைட்டமின் சி மிகுந்தால் ஆக்சலேட் என்னும் உப்பாக மாறிப் படியும். தூக்கத்திற்கென விற்கப்படும் மக்னீசியமும் தேங்கும் இயல்புடையதே.

மெலட்டோனின் பற்றியும் கேட்கின்றனர். நெதர்லாந்தில் சுத்திகரிப்பு நோயாளரிடையே நடந்த ஆய்வில், சில வாரங்கள் அதனை உட்கொண்டவர்க்குத் தூக்கம் சற்று மேம்பட்டது. 2013இல் வெளியான ஓராண்டு ஆய்விலோ அப்பயன் நிலைக்கவில்லை. விலைகொடுத்து வாங்குமுன் இதனை அறிந்துகொள்வது நலம்.

அவ்வாறாயின் தூக்கம் ஏன் வரவில்லை? காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். படுத்தவுடன் கால்களை அசைக்காமலிருக்க இயலாத உளைச்சல் சிலருக்கு. இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு காரணமாகலாம். உடலெங்கும் அரிப்பு சிலருக்கு. பாஸ்பரஸ் மிகுதி அதற்குத் துணைபோகும். நீர் அதிகம் பருகியவர் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். குறட்டையிடையே மூச்சு நின்று நின்று வருவதும் உண்டு. இயந்திரத்தருகே பகலெல்லாம் உறங்கிவிட்டு, மாலையில் இரண்டு கோப்பை காப்பியும் குடித்தவர்க்கு இரவில் தூக்கம் எங்ஙனம் வரும்? இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிகிச்சை உண்டு. ஆனால் நோயாளர் வாய்திறந்து கூறினாலன்றி மருத்துவர் அறியார். "நலமா?" என்றவுடன் "நலம்" என்று தலையசைத்துவிடும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி.

புட்டியில் மால் என்ற ரோமன் எழுத்துகளும் அவற்றையடுத்துப் பதிவெண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையேல் அது நம் நாட்டில் பதிவு பெறாத மருந்து. எண் இருப்பினும், அது சுத்திகரிப்பு நோயாளருக்கு ஏற்றதென்று பொருளாகாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அஞ்சி மறைக்க வேண்டா. அடுத்த சுத்திகரிப்பு நாளில் புட்டியையே பையிலிட்டு எடுத்துச் சென்று தாதியிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். அவர்கள் பார்த்துச் சொல்லும் வரை அதனைத் திறக்க வேண்டா.