அவசரநிலை என்று சொன்னோர் சபையில். அவசரநிலை என்று நடந்தோர் சிறையில்

(பிரித்தானியாவின் காலநிலைப் போராட்டங்களும் அந்நாட்டு அரசாங்கத்தின் நடவடிக்கையும் பற்றி ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பிரித்தானியாவின் உள்நாட்டுக் காரியம். பாராளுமன்றம் என்றால் என்ன, சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்று நமக்குப் பாடம் புகட்டியவர்கள் பிரித்தானியர். புகட்டிய பாடத்தை அவர்கள் தம் வீட்டில் எவ்வாறு அனுசரிக்கின்றனர் என்று பார்ப்பதற்கு நமக்கு உரிமை உண்டு. காற்றில் கலக்கும் காபனீரொட்சைட்டுக்கு நாட்டெல்லை கிடையாது. ஆகையால் உரிமை மட்டுமன்றித் தேவையும் உண்டு.

2008ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றம் காலநிலை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. பச்சைவீட்டு வாயுக்களின் வெளியேற்றத்தை, 1990ஆம் ஆண்டிலிருந்த அளவிலிருந்து 80 வீதம், 2050ஆம் ஆண்டுக்குள் குறைத்தே தீரவேண்டும் என்று அச்சட்டம் அரசாங்கத்தின் மீது கடமை சுமத்தியது. எதிர்த்து வாக்களித்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. மேடைகளில் அள்ளி வீசப்படும் வாக்குறுதிகள் போன்றதன்று இது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை வெளியேற்றத்துக்கு வரம்பு விதிக்கவேண்டும். அவ்வரம்புக்குள் நிற்பதற்கான திட்டத்தை மந்திரி பாராளுமன்றத்தின் முன் வைக்கவேண்டும். சுயாதீனமான ஒரு குழு ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கவேண்டும். வரப்போகும் அரசாங்கங்களின் கைகளையும் சேர்த்துக் கட்டுவதே அச்சட்டத்தின் நோக்கம். தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் அரசாங்கத்தை உலகம் அடிக்கடி காண்பதில்லை. அந்த அளவில் அவர்களைப் பாராட்டுகின்றோம்.

ஆனால் பத்தாண்டு சென்றபின், கட்டிய கயிறு தளர்கிறது என்று மக்களில் ஒரு பகுதியினர் கருதத் தொடங்கினர். ‘எக்ஸ்ரிங்ஷன் றெபெலியன்’ என்ற இயக்கம் பிறந்தது. உயிரினங்களின் அழிவை எதிர்க்கும் கிளர்ச்சி என்பது அப்பெயரின் கருத்து. 2018 நவம்பரில் அவர்கள் தேம்ஸ் நதியின் ஐந்து பாலங்களை ஒரே நாளில் மறித்தார்கள். 2019 ஏப்ரலில் இலண்டன் மாநகரின் நடுவே, ஒக்ஸ்போட் சந்தியில் இளஞ்சிவப்பு நிறப் படகொன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சுற்றிலும் அமர்ந்துகொண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். பாட்டன்மார், பாதிரிமார், வைத்தியர்கள், மாணவர்கள் எல்லோரும் அதில் இருந்தனர்.

2019 மே முதலாந் தேதி, பொதுமக்கள் சபை, காலநிலை அவசரநிலை ஒன்று நிலவுகின்றது என்று தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாள் அந்தச் சுயாதீனக் குழு, 80 வீதம் போதாது, வெளியேற்றமும் உறிஞ்சலும் சமனாகும் நிலையையே இலக்காக வைக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஜூன் மாதத்தில் சட்டம் அவ்வாறே திருத்தப்பட்டது. இவையெல்லாம் தெருவில் அமர்ந்தவர்களாலேயே நடந்தன என்று சொல்லமாட்டோம். குழுவின் ஆய்வு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆனால் தெருவுக்கும் சபைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்பவர் அரசியல் அறியாதவர். அல்லது அறிந்தும் மறைப்பவர்.

போராடினார்கள் என்பதற்காக அவர்கள் செய்தவை அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 17ஆந் தேதி அதிகாலையில், கிழக்கு இலண்டனிலுள்ள கன்னிங் ரவுண் நிலையத்தில், அவர்களுட் சிலர் புகையிரதத்தின் கூரைமேல் ஏறி நின்றனர். வேலைக்குப் போக நின்ற தொழிலாளர் கொதித்தெழுந்து அவர்களை இழுத்துக் கீழே தள்ளினர். கிழக்கு இலண்டன் வறியவர்கள் வாழும் பகுதி. மின்சாரத்தில் ஓடும் புகையிரதமோ, எண்ணெய் எரிக்கும் மோட்டார் வாகனத்துக்கு மாற்றாக அவ்வியக்கத்தாரே போற்றவேண்டிய வாகனம்! அன்றாடக் கூலியை நம்பியவனை நடைபாதையில் நிறுத்திவிட்டு அவனுக்காகவே போராடுகின்றோம் என்றால் அவன் எப்படி நம்புவான்?

சத்தியாக்கிரகம் என்ற சொல்லின் பொருள் இந்த மண்ணில் உள்ளவர்களுக்குப் புதிதன்று. 1961ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் தேதி யாழ்ப்பாணக் கச்சேரியின் வாயிலில் அமர்ந்தவர்கள், சந்தைக்குப் போகும் கிழவியின் வழியை மறிக்கவில்லை. தம் மொழியில் தம்மோடு பேச மறுத்த அரசாங்கத்தின் வாயிலை மறித்தார்கள். அடியைத் தாம் வாங்கினார்கள். ஏப்ரல் 17ஆந் தேதி அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, தலைவர்களைச் சிறைப்பிடித்தது. கோரிக்கைக்கு விடை கூற இயலாத அரசாங்கம் கோருபவனைப் பூட்டிவைக்கும் என்பதை அன்றே நாம் கண்டோம். யாருடைய வழியை மறிப்பது, துன்பத்தை யார் சுமப்பது என்ற இரண்டு கேள்விகளையும் எந்தப் போராட்டத்திடமும் கேட்கலாம். கன்னிங் ரவுணில் இரண்டுக்கும் தவறான விடை கிடைத்தது.

இனி, அரசாங்கத்தின் பக்கம் திரும்புவோம். 2019 ஒக்டோபரில் இலண்டன் பொலிசார் அவ்வியக்கத்தின் போராட்டங்களை நகர் முழுவதிலும் தடை செய்தனர். அத்தடை சட்டவிரோதம் என்று அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் தீர்த்தது. பொலிசாரின் அதிகாரம் போதாதென்றால் அதிகாரத்தைக் கூட்டுவோம் என்று புறப்பட்டது அரசாங்கம். 2022ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத் தொல்லை என்ற பழைய குற்றத்துக்குப் புது வடிவம் கொடுத்து, பத்தாண்டுவரை சிறை விதித்தது. 2023ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம், ஒருவர் தம்மை ஒரு பொருளோடோ இன்னொருவரோடோ பிணைத்துக்கொள்வதையும் சுரங்கந் தோண்டுவதையும் தனித்தனிக் குற்றங்களாக்கியது.

இதில் ஒரு சிறிய வரலாற்றைச் சொல்லாமல் விட மனமில்லை. போராட்டத்தைப் பொலிசார் கட்டுப்படுத்துவதற்கு அது ‘பாரதூரமான இடையூறு’ விளைவிக்கவேண்டும் என்பது சட்டத்தின் சொல். ‘பாரதூரமான’ என்பதற்கு ‘சொற்பத்தினும் அதிகமான’ என்று பொருள் கொள்ளவேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது. பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. உடனே அன்றைய உள்நாட்டு மந்திரி சுவெல்லா பிரேவர்மன், சபையில் தோற்ற அதே பொருளை ஒழுங்குவிதி என்ற பெயரில் 2023 ஜூனில் பின்வாயிலால் கொண்டுவந்தார். பாரதூரம் என்பதற்குச் சொற்பத்தினும் சற்றுக் கூட என்று பொருள் சொல்லும் அகராதி எந்த மொழியில் உண்டு? அவ்வொழுங்குவிதி செல்லாது என்று 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்றமும், 2025 மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. இடைப்பட்ட காலத்தில் அதன்கீழ் மக்கள் கைதாகிக்கொண்டேயிருந்தனர்.

அன்பர்களே! இரண்டு தேதிகளை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகின்றோம். முதலாவது 2022 ஜூலை 18. அரசாங்கம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வெளியிட்ட காலநிலைத் திட்டம் சட்டத்துக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. திட்டத்திற் கண்ட நடவடிக்கைகள் எவ்வெவ்வளவு குறைப்பைத் தரும் என்ற கணக்கைப் பாராளுமன்றத்திடம் சொல்லாமலே, மந்திரியிடமும் போதிய விவரம் இல்லாமலே, இலக்கை எட்டுவோம் என்று உறுதி கூறியிருந்தார்கள். அதற்கு மறுநாள், 19ஆந் தேதி, பிரித்தானிய வரலாற்றில் முதன்முறையாக வெப்பம் 40 பாகையைக் கடந்தது. லிங்கன்ஷயரிலுள்ள கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவாயிற்று. இலண்டனின் கிழக்கு எல்லையில் வெனிங்ரன் என்ற ஊரில் வீடுகள் தீப்பற்றி எரிந்தன. அரசாங்கம் புதுத் திட்டம் வரைந்தது. அதுவும் சட்டத்துக்கு முரணானது என்று 2024 மே 3ஆந் தேதி அதே நீதிமன்றம் கண்டது. ஒரே சட்டத்தை ஒரே அரசாங்கம் இரண்டு முறை மீறியது. தண்டனை என்ன? மீண்டும் ஒரு திட்டம் எழுதி வா என்பதே.

இரண்டாவது தேதி 2024 ஜூலை 18. அன்று சதர்க் முடிக்குரிய நீதிமன்றத்தில் ‘ஜஸ்ற் ஸ்ரொப் ஒயில்’ இயக்கத்தைச் சேர்ந்த ஐவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. புதிய எண்ணெய், வாயு அனுமதிப் பத்திரங்களை வழங்காதே என்பதே அவ்வியக்கத்தின் கோரிக்கை. 2022 நவம்பரில் இலண்டனைச் சுற்றியோடும் எம் 25 நெடுஞ்சாலையின் மேற்சட்டங்களில் அவர்களது தோழர்கள் நான்கு நாட்கள் ஏறியதால் போக்குவரத்து நின்றது. ஐவரும் அதற்காக இணையவழிக் கூட்டமொன்றில் ஆட்களைத் திரட்டினார்கள் என்பது குற்றம். றொஜர் ஹலம் என்பவருக்கு ஐந்தாண்டு; ஏனைய நால்வருக்கும் நான்காண்டு. வன்முறையற்ற போராட்டத்துக்கு அந்நாட்டில் இவ்வளவு நீண்ட தண்டனை அண்மைக் காலத்தில் விதிக்கப்பட்டதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 7 இலட்சத்துக்கு மேற்பட்ட சாரதிகள் பாதிக்கப்பட்டனர் என்று அரச தரப்பு எடுத்துரைத்தது. மரணச் சடங்குக்குப் போகமுடியாதவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சைத் தவணையைத் தவறவிட்டவரும் உண்டு. கன்னிங் ரவுணுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். தண்டனையே கூடாது என்று நாம் வாதாட வரவில்லை. சத்தியாக்கிரகி தண்டனைக்கு அஞ்சி ஓடுபவனும் அல்லன். ஆனால் அளவு என்று ஒன்று வேண்டாமா? 2025 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மனச்சாட்சியால் உந்தப்பட்டவர் என்பதைத் தண்டனை விதிக்கையில் கவனிக்கவேண்டும் என்று கூறி ஹலத்தின் தண்டனையை நான்காண்டாகவும், ஏனைய நால்வருடையதை மூன்றாண்டாகவும் முப்பது மாதங்களாகவும் குறைத்தது. மேன்முறையிட்ட பதினாறு பேரில் குறைப்புப் பெற்றவர்கள் ஆறு பேரே.

தண்டனையினும் நம்மை அதிகம் வருத்துவது வேறொன்று. 2023இல் இலண்டன் நீதிமன்றமொன்றில், வீடுகளுக்கு வெப்பக்காப்பு இடக் கோரி வீதி மறித்த சிலர் விசாரிக்கப்பட்டனர். ஏன் மறித்தோம் என்று ஜூரிமாரிடம் சொல்லும்போது காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று நீதிபதி கட்டளையிட்டார். மீறிப் பேசியவர்கள், நீதிமன்றத்தை அவமதித்தனர் என்று ஏழு, எட்டு வாரச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். இதைக் கேட்ட ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் அந்நீதிமன்ற வாயிலில் ஓர் அட்டையை ஏந்தி மௌனமாக நின்றார். மனச்சாட்சியின்படி விடுதலை செய்ய ஜூரிமாருக்கு உரிமை உண்டு என்பதே அட்டையின் வாசகம். அவ்வுரிமைக்குச் சான்று இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்திலேயே கல்லிற் பொறித்திருக்கின்றது. 1670ஆம் ஆண்டில், தெருவிற் பிரசங்கித்த வில்லியம் பென்னையும் வில்லியம் மீட்டையும் குற்றவாளிகள் என்று சொல்ல மறுத்த ஜூரிமார், அன்னந் தண்ணீரின்றிப் பூட்டிவைக்கப்பட்டும் பணியாது நின்று வென்ற கதை அது. கல் சொன்னால் சரித்திரம். அதையே கிழவி அட்டையில் எழுதினால் அவமதிப்பா? அரசாங்கத்தின் சட்ட அதிகாரிகள் அவர்மீது வழக்குத் தொடுக்க அனுமதி கேட்டனர். 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. அதுவரை ஓராண்டுக்கு மேலாக அவர் வழக்கின் நிழலில் இருந்தார்.

நோக்கத்தைச் சாட்டாக ஏற்றால், நாளை நாம் வெறுக்கும் கூட்டத்தாரும் மனச்சாட்சி என்று சொல்லி வீதியை மறிப்பார்களே என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. குடியேறி வந்தவர்களை விரட்டவேண்டும் என்போருக்கும் ஒரு மனச்சாட்சி உண்டுதான். ஆனால் சொல்ல விடுவது வேறு, விடுதலை செய்வது வேறு. சொல்லட்டும்; பன்னிருவர் கேட்டுத் தீர்மானிக்கட்டும். அதற்காகவே ஜூரிமார். மேலும், இவர்கள் சொல்ல விரும்பியது தம் கற்பனையை அன்று. அவசரநிலை என்று பொதுமக்கள் சபையே ஏற்ற தீர்மானத்தையும், அரசாங்கமே கையொப்பமிட்ட சட்டத்தையுமே அவர்கள் சாட்சிக்கு அழைக்கின்றனர்.

பிரித்தானியா ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது பொய். அதன் வெளியேற்றம் இன்று 1990இல் இருந்ததிற் பாதியளவு. நிலக்கரியில் மின்சாரம் எடுக்கும் கடைசி நிலையமான றட்கிளிவ் 2024 செப்ரெம்பர் 30ஆந் தேதி மூடப்பட்டது. 2024 ஜூலையில் பதவியேற்ற தொழிற்கட்சி, புதிய எண்ணெய் வயல்களுக்கு அனுமதி இல்லை என்ற வாக்குறுதியோடு தேர்தலுக்குச் சென்றது. கோரிக்கை அரச கொள்கையாகிவிட்டது என்று கூறி ஜஸ்ற் ஸ்ரொப் ஒயில் இயக்கத்தார் 2025 ஏப்ரலில் தம் நேரடி நடவடிக்கைகளை நிறுத்திக்கொண்டனர். கொள்கை ஏற்கப்பட்டபோது அதைக் கேட்டவர்களுட் பலர் இன்னும் மறியற்சாலையில் இருந்தனர். புதிய அரசாங்கம் பழைய அரசாங்கத்தின் பொது ஒழுங்குச் சட்டத்தை நீக்கவும் முன்வரவில்லை.

2025 ஒக்டோபரில் கன்சவேட்டிவ் கட்சித் தலைவி கெமி பேடனொக், தம் கட்சி ஆட்சிக்கு வந்தால் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தையே நீக்கிவிடும் என்று அறிவித்தார். அச்சட்டம் நிறைவேறியபோது அவரது கட்சியே அதற்குக் கைதூக்கியது. இலக்கை உயர்த்திய 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அவரது கட்சியின் பிரதம மந்திரியான திரேசா மே கொண்டுவந்தது. அவசரநிலைத் தீர்மானத்தை மட்டும் நீக்குவதாக எவரும் இதுவரை சொல்லக் காணோம். கடமை எதனையும் சுமத்தாத அத்தீர்மானத்தை நீக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.