வாயாடி மாணவியின் நாட்குறிப்பு



'எனது பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் எவரும் நம் நாட்டில் இருக்க முடியாது. ஐந்தாம் வகுப்பில் ஒரு தடவை, எட்டாம் வகுப்பில் ஒரு தடவை, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும்போது இன்னொரு தடவை என்று அத்தலைப்பு பிள்ளைகளைத் துரத்திக்கொண்டே வரும். கொப்பி திருத்தும் எங்களைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு விடைகள் மனப்பாடம். முத்திரை சேகரித்தல், வீட்டுத்தோட்டம் செய்தல், நூல் வாசித்தல். இந்த மூன்றையும் தாண்டி எவரும் பெரும்பாலும் போவதில்லை. கடிதம் எழுதும் வழக்கமே அருகிவிட்ட இந்நாளிலும், முத்திரையைக் கையால் தொட்டறியாத பிள்ளைகூட முத்திரை சேகரிப்பதன் பயன்களை ஐந்து பந்திகளில் அழகாக எழுதிவிடுகிறது. மாதிரிக் கட்டுரை நூலில் அப்படித்தான் இருக்கிறது. எழுதினால் புள்ளியும் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு உண்மையில் எதில் விருப்பம், அது என்ன நினைக்கிறது என்பது மட்டும் கட்டுரையில் இல்லை.

ஒரு மாணவி தன் விருப்பங்களையும், கருத்துக்களையும், பாடசாலை அனுபவங்களையும் ஒளிவுமறைவின்றி எழுதினால் அது எப்படி இருக்கும்? அதற்கு உலக இலக்கியத்தில் ஓர் உதாரணம் உண்டு. அதுதான் ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமியின் நாட்குறிப்பு. இந்நூலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் யுத்தத்தையும் அவளுடைய முடிவையுமே பேசுவார்கள். இன்றைய பேச்சில் நான் அவளை ஒரு மாணவியாக உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன்.

ஆன் பிராங்க் 1929ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தவள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவளுடைய குடும்பம் ஹொலண்டுக்குப் பெயர்ந்தது. அம்ஸ்டர்டாம் நகரில் ஒரு மொண்டிசோரி பாடசாலையில் அவள் படித்தாள். 1940 மே மாதத்தில் ஜேர்மன் படைகள் ஹொலண்டைக் கைப்பற்றின. அதன் பிறகு யூதர்களுக்குத் தடைமேல் தடை வந்தது. துவிச்சக்கரவண்டிகளை ஒப்படைக்க வேண்டும்; ட்ராம் வண்டியில் ஏறக்கூடாது; படமாளிகைக்குப் போகக்கூடாது; உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்திருக்க வேண்டும். 1941இல் யூதப் பிள்ளைகள் யூதர்களுக்கான தனிப் பாடசாலைகளிலேயே படிக்க வேண்டுமென்ற கட்டளையும் வந்தது. பழைய பாடசாலையை விட்டுப் பிரியும்போது தலைமையாசிரியையும் தானும் கண்ணீர் விட்டதை ஆன் தன் குறிப்பில் எழுதியிருக்கிறாள்.

1942 ஜூன் 12ஆம் திகதி, பதின்மூன்றாவது பிறந்தநாளன்று, சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட அட்டையுடைய ஒரு புத்தகம் அவளுக்குக் கிடைத்தது. உண்மையில் அது ஓர் ஓட்டோகிராப் புத்தகம். பாடசாலையை விட்டு விலகும் காலத்தில் நமது பிள்ளைகள் ஆளுக்காள் நீட்டுவார்களே, அதே வகைதான். அதை அவள் நாட்குறிப்பாக்கினாள். பின்னர் கிற்றி என்ற கற்பனைத் தோழிக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுதத் தொடங்கினாள்.

தொடக்கப் பக்கங்களில் முழுக்க முழுக்கப் பாடசாலைதான். ஆண்டிறுதியில் ஆசிரியர்கள் கூடி யாரை வகுப்பேற்றுவது, யாரை நிறுத்திவைப்பது என்று முடிவு செய்யப் போகிறார்கள். வகுப்பே நடுங்குகிறது. சிலர் பந்தயம் கட்டுகிறார்கள். ஆசிரியர்களின் மனப்போக்கை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது அவளுடைய அபிப்பிராயம். இதை வாசிக்கும் ஆசிரியர் எவரும் சற்றுச் சிரித்துவிட்டு, பிறகு சற்று யோசிப்பார்.

அந்த ஆசிரியர்களுள் கீசிங் என்ற கணித ஆசிரியர் ஒருவர். பாடவேளையில் ஓயாமல் கதைப்பதற்காக அவர் ஆனைக் கண்டித்தார். கேட்கவில்லை. 'ஒரு வாயாடி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதிவரும்படி தண்டனை கொடுத்தார். பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. வாதம் செய்து எழுதினாள். கதைப்பது பெண்களின் இயல்பு. என் தாயாரும் என்னளவு கதைப்பவர். பரம்பரையாக வந்த குணத்தை மாற்ற வழியில்லையே என்பது அவளுடைய வாதம். ஆசிரியர் சிரித்தார். ஆனால் அடுத்த பாடத்திலும் அவள் கதைத்தாள். இரண்டாவது கட்டுரை, திருத்த முடியாத வாயாடியைப் பற்றி. அதற்குப் பிறகும் கதைத்தாள். மூன்றாவது தலைப்பு, வாத்துப்போலக் கத்தும் வாயாடி அம்மாளைப் பற்றியது. வகுப்பு முழுவதும் சிரித்தது.

இம்முறை அவள் ஒரு தோழியின் உதவியுடன் அதைப் பாட்டாகவே எழுதினாள். ஒரு தாய் வாத்து, ஒரு தந்தை அன்னம், மூன்று குஞ்சுகள். குஞ்சுகள் அதிகம் கத்தியதால் தந்தை அவற்றைக் கொத்திக் கொன்றுவிடுகிறது. கேலி யார்மேல் என்பது கீசிங்குக்கு விளங்காமலா இருந்திருக்கும்? அந்த ஆசிரியர் கோபிக்கவில்லை. பாட்டை வகுப்பில் வாசித்துக் காட்டி விளக்கமும் சொன்னார். வேறு வகுப்புகளிலும் வாசித்துக் காட்டினார். அதன் பின்னர் அவள் வகுப்பில் கதைத்தால் தண்டனையும் இல்லை.

நேயர்களே, இச்சம்பவத்தை நகைச்சுவை என்று மட்டும் கொள்ளக்கூடாது. தண்டனையாகக் கொடுத்த கட்டுரையில் ஒரு மாணவி தன் சொந்தக் குரலைக் கண்டுபிடித்தாள். அந்தக் குரலை ஓர் ஆசிரியர் அடையாளம் கண்டு, தன்மேல் விழுந்த கேலியையும் பொறுத்துக்கொண்டு, சபையறிய ஏற்றுக்கொண்டார். அவர் கணித ஆசிரியர் என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாங்கள் கவனிக்க வேண்டும்.

பாடசாலை வாழ்வு அத்துடன் முடிந்தது. 1942 ஜூலை 6ஆம் திகதி அந்தக் குடும்பம் தலைமறைவாகியது. தந்தையார் தொழில் செய்த கட்டடத்தின் பின்புறத்தில், மறைவான அறைகளில், மொத்தம் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒளிந்திருந்தார்கள். பகலில் உரத்துப் பேசக்கூடாது, சத்தமாக நடக்கக்கூடாது. வாயாடி என்று தண்டிக்கப்பட்ட பிள்ளைக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா?

ஆயினும் படிப்பு நிற்கவில்லை. தந்தையார் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். பிரெஞ்சு, ஆங்கிலம், வரலாறு, புவியியல், அட்சரகணிதம் எல்லாம் நடந்தன. வெளியிலிருந்து உதவிய அலுவலகப் பெண்ணொருவரின் பெயரில் தபால் மூலம் சுருக்கெழுத்துப் பாடமும் தருவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத 1990களில் குப்பி விளக்கில் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நாளை பரீட்சை நடக்குமா என்றே தெரியாத நிலையிலும் கொப்பியை விரித்துவைத்துப் படிப்பதன் பொருள் என்னவென்று எங்கள் தலைமுறைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி, அவளுடைய பொழுதுபோக்குகளுக்கு வருவோம். 1944 ஏப்ரல் 6ஆம் திகதிய குறிப்பில் அவற்றை அவள் வரிசைப்படுத்துகிறாள். முதலாவது எழுத்து; ஆனால் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லக்கூடாதென்றும் உடனே திருத்திக்கொள்கிறாள். இரண்டாவது, அரச பரம்பரைகளின் வம்சாவளிகளைத் தேடித் தொகுத்தல். மூன்றாவது வரலாறு. நான்காவது கிரேக்க, உரோமப் புராணங்கள். இவற்றைவிடத் திரைப்பட நட்சத்திரங்களின் படங்கள், குடும்பப் புகைப்படங்கள், கலை வரலாறு, புத்தகங்கள். பிடிக்காதவை எவை? அட்சரகணிதம், கேத்திரகணிதம், எண்கணிதம். மற்றப் பாடங்கள் எல்லாம் விருப்பம். வரலாறு எல்லாவற்றுக்கும் மேல்.

இந்தப் பட்டியலில் மாதிரிக் கட்டுரையின் வாசனை சிறிதாவது உண்டா? வம்சாவளியும் சினிமாப் படமும் ஒரே மனத்தில் அருகருகே இருக்கின்றன. அவள் ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்கவில்லை. மறைவிடத்து அறையின் வெறுஞ்சுவரில் அவள் ஒட்டிய நட்சத்திரப் படங்களை, 1960இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்ட அந்த வீட்டில் இன்றும் பார்க்கலாம்.

இந்த விருப்பங்களுக்கு எதிர்ப்பும் வந்தது. அவளுடைய அறையைப் பகிர்ந்துகொண்டவர் நடுத்தர வயதுடைய பல் வைத்தியர் ஒருவர். அறையில் இருந்தது ஒரு சிறிய மேசை. வாரத்தில் இரண்டு நாட்கள், பிற்பகல் 4 மணி முதல் ஐந்தரை மணி வரை அந்த மேசையைத் தனக்குத் தரமுடியுமா என்று 1943 ஜூலையில் அவள் மரியாதையாகக் கேட்டாள். அவர் மறுத்தார். தான் செய்வது முக்கியமான வேலையென்றும், புராணக்கதை படிப்பது ஒரு வேலையா என்றும் கேட்டார். இறுதியில் தந்தையார் தலையிட்டுப் பேசியபின்தான் அந்த இரண்டு பிற்பகல்களும் கிடைத்தன. எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய வழக்குத்தான் இது. பெரியவர்களின் வேலைக்கு மேசை உண்டு. பிள்ளையின் ஆர்வத்துக்கு மேசை இல்லை. ஆனால் அந்த மேசையைக் கேட்டவளின் எழுத்துத்தான் இன்று 70க்கும் மேற்பட்ட மொழிகளில் வாசிக்கப்படுகிறது.

அடுத்து அவளுடைய கருத்துக்கள். பெண்கள் ஆண்களிலும் தாழ்ந்தவர்களாக ஏன் கருதப்பட்டார்கள் என்று 1944 ஜூனில் அவள் கேட்கிறாள். பிள்ளை பெறும் வேதனையைத் தாங்குபவளுக்குப் போர்வீரனுக்குரிய மதிப்பு ஏன் இல்லை என்று வாதிடுகிறாள். வீட்டுவேலையோடு முடிந்துபோகும் வாழ்க்கை தனக்கு வேண்டாமென்றும், பத்திரிகையாளராக வரவேண்டுமென்றும் எழுதுகிறாள். தாயாரைப்பற்றி மிகக் கடுமையாக எழுதிய பக்கங்களும் உண்டு. ஆனால் 1944 ஜனவரியில் அதே பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, இப்படியா எழுதினேன் என்று அவளே திகைக்கிறாள். இது முக்கியமான இடம். ஒரு மாணவியின் கருத்து முதலில் முரட்டுத்தனமாகத்தான் பிறக்கும். எழுதவிட்டால், எழுதியதைத் திரும்பிப் பார்க்கவிட்டால், அது தானாகவே பக்குவப்படும். வாயை அடைத்துவிட்டால் முரட்டுத்தனம் அப்படியே உள்ளே தங்கிவிடும்.

வானொலியில் பேசும்போது இன்னொரு செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1944 மார்ச் 28ஆம் திகதி, இலண்டனிலிருந்து இயங்கிய ஹொலண்ட் அரசாங்கத்தின் கல்வி அமைச்சர் வானொலியில் உரையாற்றினார். யுத்தம் முடிந்தபின் சாதாரண மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சேகரிக்க வேண்டும் என்றார். மறைவிடத்தில் எட்டுப் பேரும் அதைப் பற்றிப் பேசினார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த உரை ஒரு பொறியாயிற்று. மே மாதத்தில், தான் எழுதியவற்றை ஒரு நூலாக்கும் நோக்குடன் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். தேவையற்றதை வெட்டினாள், போதாததை விரித்தாள். அச்சில் வருவதற்கு முன்னரே தன் நூலுக்குத் தானே பதிப்பாசிரியை ஆனாள். கல்விக்குப் பொறுப்பான ஒருவர் உங்கள் எழுத்துக்கும் மதிப்புண்டு என்று பொதுவாகச் சொன்ன ஒரு வார்த்தை, அவர் கண்டிராத ஒரு மாணவியை எழுத்தாளராக்கியது.

1944 ஓகஸ்ட் 4ஆம் திகதி மறைவிடம் முற்றுகையிடப்பட்டது. எட்டுப் பேரும் கைதானார்கள். 1945இன் தொடக்கத்தில், பேர்கன் பெல்சன் முகாமில், பதினாறு வயதை எட்டுமுன்னரே ஆன் இறந்தாள். அவளுடைய தமக்கையும் அங்கேயே இறந்தாள். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் தந்தையார் ஒட்டோ பிராங்க் ஒருவரே. சிதறிக் கிடந்த கொப்பிகளையும் தாள்களையும் பொறுக்கியெடுத்து, வாசிக்காமலே மேசை லாச்சியில் வைத்துப் பாதுகாத்த மீப் கீஸ் என்ற பெண்மணி அவற்றை அவரிடம் ஒப்படைத்தார். 1947 ஜூனில் நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது.

அந்தத் தந்தையார் பிற்காலத்தில் ஒன்றைச் சொன்னார். தன் மகளுடன் மிக நெருக்கமாக இருந்தும், அவளுக்குள் இத்தனை ஆழமான எண்ணங்கள் இருந்ததை நாட்குறிப்பை வாசித்த பின்னரே அறிந்ததாகவும், பெரும்பாலான பெற்றோர் தம் பிள்ளைகளை உண்மையில் அறியமாட்டார்கள் என்ற முடிவுக்குத் தான் வந்ததாகவும் கூறினார். மறைவிடத்தில் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரும், மேசைக்காக அவள் பக்கம் பேசியவரும் அவரேதான். அத்தகைய தந்தைக்கே அப்படியென்றால் மற்றவர்கள் நிலை என்ன?

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, பிள்ளை உங்களுக்கு முன்னால் கதைக்கும் காலம் சொற்பமானது. அது எதைச் சேர்க்கிறது, எதை வெறுக்கிறது, ஆசிரியர்களைப் பற்றியும் உங்களைப் பற்றியும் என்ன நினைக்கிறது என்று கேளுங்கள். பதில் பரீட்சைக்கு உதவாததாக இருக்கலாம். உங்களைக் கேலி செய்வதாகவும் இருக்கலாம். அப்பொழுது அந்தக் கணித ஆசிரியரைப்போலச் சிரிக்கத் தெரிந்தால் போதும். ஒரு கொப்பியையும், வாரத்தில் இரண்டு பிற்பகல்களுக்கு ஒரு மேசையையும் கொடுங்கள். எழுதுவது பிள்ளையின் பாடு.