தீர்ப்பு வந்தது, பள்ளி திறந்ததா?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அமெரிக்கக் கறுப்பின மக்கள் கல்விக்காக நடத்திய சட்டப் போரைப் பற்றி இம்மேடையில் சில சொல்ல விழைகின்றேன். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்; 1946இல் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையைச் சுட்டியவர். ஆதலின் அவ்வரலாறு நமக்கு அயலானதன்று.

அங்கே அடிமை முறை 1865இல் ஒழிந்தது. சட்டத்தின் முன் அனைவருக்கும் சமமான பாதுகாப்பு உண்டென 1868இல் அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம் உறுதி கூறிற்று. ஆயினும் 1896இல் பிளெஸ்ஸி வழக்கில், இரயில் பெட்டிகளை நிறத்தால் பிரித்து வைப்பது சமத்துவத்துக்கு முரணன்று என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹார்லன் என்னும் நீதிபதி ஒருவரே மறுத்துரைத்தார். தனித்தனியே இருப்பினும் சமம் என்ற அக்கோட்பாட்டின் நிழலில் பள்ளிகளும் பிரிந்தே நின்றன. தனிமை நடைமுறையாயிற்று; சமத்துவம் ஏட்டில் நின்றது.

இதனைத் தகர்க்க முனைந்தவர் சார்லஸ் ஹூஸ்டன். ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியை அவர் கறுப்பின வழக்கறிஞர்களின் பாசறையாக்கினார். அவர்தம் மாணாக்கரே தர்குட் மார்ஷல். 1938இல் மிசௌரி, 1950இல் டெக்சாஸ் எனச் சட்டக் கல்லூரிகளின் கதவுகளை வழக்குகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. பெருவெற்றியைக் காணாமலே ஹூஸ்டன் 1950இல் மறைந்தார்.

இளைஞர்களே, இனி நான் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தில், கறுப்பின மாணவர்களின் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதாமல், தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. 1951 ஏப்ரலில், பதினாறே வயதான பார்பரா ஜான்ஸ் என்னும் மாணவி சக மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் தொடங்கினார். அவர்கள் கேட்டது நல்ல கட்டடம். உதவிக்கு வந்த வழக்கறிஞர்களோ, "பிரிவினையையே எதிர்ப்பதாயின் வழக்காடுவோம்" என்றனர். பெற்றோர் இசைந்தனர். அவ்வழக்கே பிரௌன் வழக்கோடு ஒன்றாய் விசாரிக்கப்பட்டது.

1954 மே 17 அன்று, தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் உள்ளிட்ட ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாய், அரசுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்றனர். வாதாடிய வழக்கறிஞர்களுள் முதன்மையானவர் மார்ஷல். அவரே 1967இல் அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

ஆனால் தீர்ப்பு வந்தவுடன் பள்ளி திறந்துவிட்டதா? இல்லை. நிதானத்தோடு கூடிய விரைவில் நிறைவேற்றுக என்று 1955இல் அதே நீதிமன்றம் கூறிற்று. நிதானம் மிகுந்தது, விரைவைக் காணோம். அதே பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம், கறுப்பினக் குழந்தைகளோடு சேர்ந்து கற்பிப்பதைவிடப் பள்ளிகளை மூடுவதே மேல் என்று, 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிற்று. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. அரசுப் பணமும் அதற்குத் துணைநின்றது. 1964இல் உச்சநீதிமன்றம் மீண்டும் குறுக்கிட்ட பின்னரே பள்ளிகள் திறந்தன. ஆறு வயதில் பள்ளி வாயிலில் நின்ற குழந்தைக்கு அப்போது பதினோரு வயது! இழந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

அவ்வாண்டுகளில் அறிவுச்சுடர் முற்றும் அணையாமல் காத்தவர் யார்? தேவாலயங்களில் பயிற்சி மையங்கள் நடத்திய எளிய மக்கள். பிள்ளைகளை வெளியூர் உறவினரிடம் அனுப்பிப் பிரிவைப் பொறுத்த பெற்றோர்.

பெற்ற உரிமையும் நிலையானதென்று எண்ணி உறங்கலாகாது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்திற் கொள்ளும் முறைக்கு 1978இல் அளவோடு இடமளித்த அதே உச்சநீதிமன்றம், 2023இல் ஹார்வர்டு வழக்கில் அம்முறையைச் செல்லாதாக்கியது.

தோழர்களே, வழக்கை வெல்ல ஹூஸ்டனைப் போன்ற ஆசான்கள் வேண்டும். வழக்கைத் தொடங்கப் பார்பராவைப் போன்ற இளையோர் வேண்டும். தீர்ப்புக்கும் பள்ளி வாயிலுக்கும் இடைப்பட்ட நெடுவழியில் பிள்ளைகளைக் கைப்பிடித்து நடத்திச் செல்ல, இச்சங்கத்தைப் போன்ற அமைப்புகள் வேண்டும். உங்களுள் சிலரேனும் சட்டம் பயில்க. அனைவரும் ஒரு குழந்தைக்கேனும் கற்பிக்க உறுதி கொள்க என வேண்டி அமைகின்றேன்.