மாடிப்படியில் ஒரு கினி



கதையை இந்த அவையில் அறியாதவர் இரார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத கிழவன் ஒருவன். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், ஏழாண்டுகளுக்கு முன் இறந்துபோன அவனுடைய தொழிற்கூட்டாளி மார்லி, சங்கிலிகளை இழுத்துக்கொண்டு வந்து எச்சரிக்கிறான். அவனைத் தொடர்ந்து மூன்று ஆவிகள் வந்து கடந்ததையும் நிகழ்வதையும் வரவிருப்பதையும் காட்டுகின்றன. பொழுது விடிகிறபோது கிழவன் வேறு மனிதனாகிறான். சார்லஸ் டிக்கன்ஸ் ஏறத்தாழ ஆறு வாரங்களில் எழுதிமுடித்த இச்சிறு நூல் 1843 டிசம்பர் 19ஆம் நாள் இலண்டனில் வெளிவந்தது. ஆறாயிரம் படிகள் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன.

திரைக்கலை பிறந்த சில ஆண்டுகளிலேயே இக்கதை அதன் கைக்குப் போய்விட்டது. 1901இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ஊமைப்படத்தின் சில நிமிடத் துண்டு இன்றும் எஞ்சியிருக்கிறது. 1938இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் குடும்பத்தோடு பார்க்கத்தக்க படமாக இதனை எடுத்தது. கதையின் இருண்ட பகுதிகள் பலவற்றை வெட்டி எறிந்துவிட்டது. அப்படத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல அதிகமில்லை. பேச வேண்டியது, 1951இல் இங்கிலாந்தில் பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கிய ‘ஸ்குரூஜ்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான். அமெரிக்காவில் நூலின் பெயராலேயே அது திரையிடப்பட்டது. திரைக்கதை நோயல் லாங்லி. ஸ்குரூஜாக நடித்தவர் எடின்பரோவில் பிறந்த அலஸ்டர் சிம்.

மூலநூலுக்கு உண்மையாயிருப்பது என்றால் என்ன? மொழிபெயர்ப்பாளரும் கவிஞரும் ஓயாமல் எதிர்கொள்ளும் கேள்வி இது. லாங்லி டிக்கன்ஸின் வரிகளுக்கு அடிமையாகவில்லை. நூலில் சில பக்கங்களே இடம்பெறும் கடந்தகாலத்தைப் படத்தின் நடுப்பகுதி முழுவதும் விரித்தார். நூலில் இல்லாத மனிதர்களையும் படைத்தார். அவற்றுள் ஒன்று தேறவில்லை என்றே சொல்ல வேண்டும். ஸ்குரூஜைப் பெற்றபோது தாய் இறந்தாள், அதனால் தந்தை அவனை வெறுத்தார்; அவன் உடன்பிறந்தாள் ஃபேன் மகனைப் பெற்றபோது இறந்தாள், அதனால் அவன் மருமகன் ஃபிரெட்டை வெறுத்தான் என்று படம் ஒரு காரணம் கட்டுகிறது. இந்தக் கணக்கு ஒத்துவருவதற்காக நூலில் தங்கையாக வருபவள் படத்தில் மூத்தவளாக இருக்கவேண்டியதாகிறது! சாகும் தறுவாயில் அவள் தன் குழந்தையை ஒப்படைத்துச் சொன்ன சொற்களை அன்று கேட்காமல் போன கிழவன், இப்போது ஆவியின் பக்கத்தில் நின்று கேட்டு அழும் இடம் உருக்கமானதுதான். ஆனாலும் ஒரு மனிதன் கல்லாவதற்கு ஒரே ஒரு காயத்தைக் காரணமாகக் காட்டுவது எளிய வழி. டிக்கன்ஸ் அந்த வழியில் போகவில்லை.

தேறியது வேறொன்று. ஜோர்க்கின் என்றொரு வணிகனை லாங்லி படைத்திருக்கிறார். பழைய முறையில் நாணயமாகத் தொழில் நடத்தும் ஃபெஸிவிக்கிடமிருந்து இளைஞன் ஸ்குரூஜை அதிக ஊதியம் காட்டி இழுத்துக்கொள்பவன் அவன். அவனிடத்தில்தான் ஸ்குரூஜ் மார்லியைச் சந்திக்கிறான். பின்னாளில் ஜோர்க்கின் நிறுவனத்துப் பணத்தைக் கையாடிவிட்டான் என்று தெரியவரும்போது, இழப்பை ஈடுசெய்ய முன்வரும் இவ்விருவரும் அதற்கு விலையாக நிறுவனத்தையே தங்கள் பிடிக்குள் கேட்கிறார்கள். இதில் எந்தப் படியும் கொடுமையாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொன்றும் நியாயமான தொழில்முடிவு போலவே இருக்கிறது. மனம் இறுகுவது இப்படித்தான் என்பதைத் தாய் இறந்த கதையைவிட இந்தக் கணக்கறைக் காட்சிகள் நன்றாகச் சொல்லிவிடுகின்றன.

இனி, வேலைக்காரி திருமதி டில்பர்.

நூலில் இப்பெயர் ஓரிடத்தில்தான் தலைகாட்டுகிறது. இறுதி ஆவி காட்டும் வருங்காலத்தில், யாரோ ஒருவன் நாதியற்று இறந்துகிடக்கிறான். அவன் வீட்டிலிருந்து திருடிய பொருள்களை மூவர் பழம்பொருள் வாங்கும் ஜோவின் கடைக்குக் கொண்டுவருகிறார்கள்: ஒரு வேலைக்காரி, ஒரு சலவைக்காரி, சவ அடக்கம் செய்பவனின் ஆள் ஒருவன். வேலைக்காரிக்குப் பெயர் இல்லை. டில்பர் என்பது சலவைக்காரியின் பெயர். பிணம் கிடந்த கட்டிலின் திரைச்சீலையை வளையங்களோடு கழற்றி வந்தவளோ பெயரில்லாத வேலைக்காரி. லாங்லி செய்தது மிகச் சிறிய காரியம். சலவைக்காரியின் பெயரை எடுத்து வேலைக்காரிக்கு வைத்தார். வைத்ததோடு விடாமல், அவளைக் கதையின் மூன்று காலங்களிலும் நடமாட விட்டார்.

முதலில் அவள் வருவது மார்லியின் மரணத்தில். மார்லியை அடக்கம் செய்த நாளிலும் ஸ்குரூஜ் வணிகத்தை விடவில்லை என்று டிக்கன்ஸ் போகிறபோக்கில் ஏளனமாகச் சொல்லிச் செல்கிறார். படம் அந்த ஏளனத்தையே ஒரு காட்சியாக்குகிறது. மார்லி மூச்சுக்குத் திணறுவதாகச் சொல்ல டில்பர் அலுவலகத்துக்கு வருகிறாள். அலுவலக நேரம் முடிந்த பிறகே வர இயலும் என்று விடை கிடைக்கிறது. ஸ்குரூஜ் போய்ச் சேரும்போது சவ அடக்கம் செய்பவன் முன்னதாகவே வந்து காத்திருக்கிறான். மார்லி, தாங்கள் இருவரும் தவறாக வாழ்ந்துவிட்டதைச் சொல்ல முயன்று, அரைகுறையாகச் சொல்லிச் சாகிறான். இந்த வீட்டில் சாகிறவர்களுக்கு என்ன மரியாதை என்பதை அருகிருந்து பார்த்தவள் டில்பர். பின்னர் வருங்காலக் காட்சியில் அவள் ஜோவின் கடையில் மூட்டையை அவிழ்க்கும்போது, அந்தத் திருட்டு வெறும் பேராசையாகத் தோன்றவில்லை. அவள் அந்த வீட்டில் கற்ற பாடமும் அதில் இருக்கிறது.

மூன்றாவதாகக் கிறிஸ்துமஸ் காலை. நூலில் திருந்திய ஸ்குரூஜ் முதலில் பேசுவது தெருவில் நிற்கும் ஒரு சிறுவனிடம். படத்திலோ அவன் கண்விழித்தவுடன் எதிரே நிற்பவள் டில்பர். சற்று முன்னர்தான், தன் கட்டிலின் திரைச்சீலையை அவள் விலைபேசியதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் அவன். திரைச்சீலை இருந்த இடத்திலேயே இருப்பதைத் தொட்டுப் பார்க்கிறான். அவள்மீது கோபமாக ஒரு சொல்கூட அவன் வாயில் வரவில்லை. சிரிக்கிறான், ஆடுகிறான், தலைகீழாக நிற்கிறான். கிழவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவள் அலறிக்கொண்டு ஓடுகிறாள். மாடிப்படியில் அவளைப் பிடித்து நிறுத்தி, கையில் ஒரு கினி நாணயத்தை வைக்கிறான். இது வாயை மூடிக்கொண்டிருப்பதற்கான காசா என்று அவள் ஐயுறுகிறாள். கிறிஸ்துமஸ் பரிசு என்கிறான் அவன். வாரம் இரண்டு ஷில்லிங்காக இருந்த கூலி அங்கேயே பத்து ஷில்லிங்காகிறது.

ஒரு கினி இருபத்தொரு ஷில்லிங். அவளுடைய பழைய கூலிக்குப் பத்தரை வாரச் சம்பளம் அந்த மாடிப்படியில் கைமாறுகிறது. எழுத்தர் பாப் கிராச்சிட்டுக்கு நூலில் வாரம் பதினைந்து ஷில்லிங். அந்த ஊதியத்தில் அவன் குடும்பம் படும் பாட்டுக்காகக் கண்ணீர் விடும் வாசகர் எவரும் வேலைக்காரியின் கூலி என்ன என்று கேட்டிருக்கமாட்டார். அந்தக் கேள்வியைப் படம் கேட்கிறது.

அதைவிடப் பெரியது அந்த மன்னிப்பின் தன்மை. தன் சவத்தையே கொள்ளையிடப்போகிறவள் என்று அறிந்த ஒருத்திக்கு அவன் கொடுக்கிறான். அறிந்ததை அவளிடம் சொல்லாமல் கொடுக்கிறான். தான் மன்னிக்கப்பட்டது டில்பருக்குக் கடைசிவரை தெரியாது. கிராச்சிட்டின் நோயாளி மகனுக்கு இரங்குவது யார்க்கும் எளிது. திருடப்போகிறவளுக்கு இரங்குவது எளிதன்று. ஆவிகள் மூன்றும் செய்த வேலை பலித்ததா இல்லையா என்பது அந்த மாடிப்படியில்தான் தெரிகிறது. டிக்கன்ஸ் எழுதாத காட்சி இது. ஆயினும் அவர் நூலில் கிடந்த ஒரு பெயரிலிருந்தும் ஒரு திரைச்சீலையிலிருந்தும் முளைத்தது.

இதனைத் தாங்கி நிற்பது அலஸ்டர் சிம்மின் முகம். அவர் தம் இளமையில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கலை கற்பித்தவர். ஆனாலும் குரலைவிட அவருடைய பெரிய கண்களே இங்கு அதிகம் பேசுகின்றன. மகிழ்ச்சியைக்கூட அவர் அச்சத்தோடு கலந்தே காட்டுகிறார். எந்த நொடியும் இது பறிபோய்விடக்கூடும் என்பவர் போல. 1971இல் ரிச்சர்ட் வில்லியம்ஸ் இதே கதையை ஓவியப்படமாக எடுத்தபோது, ஸ்குரூஜுக்குச் சிம்மும் மார்லிக்கு 1951இல் அப்பாத்திரத்தில் நடித்த மைக்கேல் ஹோர்டர்னும் குரல் கொடுத்தார்கள்.

அந்த அச்சம் முழுமையாக வெளிப்படுவது மருமகன் ஃபிரெட்டின் வீட்டில். அழைப்பை ஏளனம் செய்து தள்ளியவன் இப்போது அழைக்கப்படாதவன் போல வந்து நிற்கிறான். உள்ளே ‘பார்பரா ஆலன்’ என்னும் பழைய நாட்டுப்பாடல் ஒலிக்கிறது. கதவைத் திறந்த பணிப்பெண் தொப்பியை வாங்கிக்கொள்கிறாள். கூடத்தின் கதவருகே சென்ற கிழவனுக்குத் திறக்கத் துணிவு வரவில்லை. திரும்பி அந்தச் சிறுபெண்ணைப் பார்க்கிறான். அவள் எதுவும் பேசவில்லை. போகலாம் என்பதுபோல் முகம் மலர்கிறாள். அவன் கதவைத் திறக்கிறான்.