கேட்பதானால் நாலு பேர் நடுவில் கேளுங்கள்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத சிலர் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)



கணினி விஷயமாகப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கூப்பிட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. நான் பி.காம். படித்தவன். 1983-இல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே 2020-இல் ஓய்வு பெற்றவன். எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தபோது, வேலை போய்விடும் என்று வாசலில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் நிபுணர் பேசுகிறார் என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். ஏமாந்தவன் பேசுகிறான் என்று கேளுங்கள்.

போன வருடம் பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். சங்கத்துக்குச் செலவு வேண்டாமே என்று காசு கொடுத்து மென்பொருள் வாங்காமல், லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் கணக்கு எழுதினேன். வங்கியின் இணையதளத்திலிருந்து வருட ஸ்டேட்மென்ட்டை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, அதைத் திறந்து, கூட்டல் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. செலவின் கூட்டுத்தொகை 4,36,500 ரூபாய் குறைவாக வந்தது. செலவு குறைவாகத் தெரிந்தால் என்ன ஆகும்? கணக்குப்படி இருக்க வேண்டிய பணம், வங்கியில் உண்மையில் இருக்கும் பணத்தைவிட அதிகமாகத் தெரியும். அப்படியானால் நடுவில் உள்ள தொகையைப் பொருளாளர் எடுத்துக்கொண்டார் என்றுதான் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். பொதுக்குழுவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

வங்கிக்காரனுக்கு வித்தியாசம் தேடத் தெரியும். ஒரு ரூபாய்க்காக ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்தவர்கள் நாங்கள். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது எங்கள் பால பாடம். 4,36,500-ஐ வகுத்துப் பார்த்தேன். 48,500, மீதி இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் இடம் மாறிய இலக்கத்தைத் தேடினேன். 640 பதிவுகளையும் ஸ்டேட்மென்ட்டோடு ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். எல்லாம் சரி. கால்குலேட்டரில் 640-ஐயும் தட்டினேன், மூன்று முறை. மூன்று முறையும் வேறு வேறு தொகை வந்தது. அது என் விரல்களின் குற்றம்.

மூன்றாம் நாள் ராத்திரி, யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, அந்த மென்பொருளின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று சேர்த்து இணையத்தில் தேடினேன். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு கஸ்டமர் கேர் ஏது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நம்பர் கிடைத்தது. பேசியவர் அவ்வளவு மரியாதை, வார்த்தைக்கு வார்த்தை சார். என் திரையை அவர் பார்ப்பதற்கு ஒரு செயலியைப் போடச் சொன்னார், போட்டேன். பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் என்றார், கட்டினேன். கட்டும்போது நான் தட்டியதையெல்லாம், வந்த ஓடிபி உட்பட, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் சொந்தக் கணக்கிலிருந்து 24,600 ரூபாய் போனது. சங்கப் பணம் ஒரு பைசா போகவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கவுன்டரில் உட்கார்ந்து எத்தனை வாடிக்கையாளர்களிடம் ‘யாருக்கும் பாஸ்வேர்டு சொல்லாதீங்கம்மா’ என்று சொல்லியிருப்பேன்! அந்த வெட்கத்தில் 1930-க்கு போன் செய்யவே மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. சைபர் குற்றங்களைச் சொல்வதற்கான அரசு எண் அது. பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதை நடுவில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். நான் தாமதித்தேன், பணம் திரும்பவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்தால், வெட்கப்படுவதைப் பிறகு சாவகாசமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1930.

பி பிளாக்கில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், லிஃப்டில் என் முகத்தைப் பார்த்து என்ன அங்கிள் என்று கேட்டாள். கூட்டல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் கேள்வி பதில் தளம் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றாள்.

எனக்குத் தெரிந்த பேங்க் இங்கிலீஷில் எழுதினேன்: அவசரம், கூட்டல் தப்பாக வருகிறது, தயவுசெய்து உதவவும். அரை நாள் யாரும் சீண்டவில்லை. பிறகு ஒருவர் கேட்டார்: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், கோப்பை எப்படித் திறந்தீர்கள், பெயர்களையும் கணக்கு எண்ணையும் நீக்கிவிட்டு நாலு வரி மாதிரி தர முடியுமா? முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், கவுன்டரில் வந்து ‘பணம் குறையுது’ என்று மட்டும் சொல்லும் வாடிக்கையாளரிடம் நானும் இதைத்தானே கேட்டிருப்பேன்? எந்தக் கணக்கு, எந்தத் தேதி, பாஸ்புக் எங்கே?

மாதிரியைப் போட்டதும் நிலைமை மாறியது. ஒருவர், கமாவையெல்லாம் நீக்கிவிடுங்கள் என்றார். இன்னொருவர் உடனே மறுத்தார்: அப்படிச் செய்தால் விவரப் பத்தியில் உள்ள கமாக்களும் போய்விடும், வேண்டாம். மூன்றாமவர், கன்ட்ரோலையும் எஃப்8-ஐயும் சேர்த்து அழுத்திப் பாருங்கள் என்றார். அழுத்தினேன். எண்களெல்லாம் நீல நிறமாக மாறின. மூன்றே மூன்று மட்டும் கறுப்பாக நின்றன. லிஃப்ட் பராமரிப்பு 1,12,000. பெயின்ட் முதல் தவணை 1,86,500. ஜெனரேட்டர் 1,38,000. கூட்டிப் பாருங்கள், 4,36,500!

காரணம் இதுதான். என் லேப்டாப்பில் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தது. அவர்களுக்குக் கமா மூன்று மூன்று இலக்கமாகத்தான் விழ வேண்டும், 112,000 என்று. நம் லட்சக் கமாவோடு 1,12,000 என்று வந்ததும், இது எண் இல்லை, எழுத்து என்று மென்பொருள் ஒதுக்கிவிட்டது. எழுத்தாக நிற்பதைக் கூட்டலில் சேர்க்காது. லட்சத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் சரியாகக் கூடியது. பராமரிப்புத் தொகையாக நீங்கள் கட்டுவது எதுவும் லட்சத்தைத் தொடாது என்பதால் வரவில் வித்தியாசம் இல்லை. பொதுவாக எழுத்து இடது ஓரமாகவும் எண் வலது ஓரமாகவும் நிற்கும், அதை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். நான் அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்தேன். கோப்பைத் திறக்கும்போது வரும் கட்டத்தில் மொழியை ‘இங்கிலீஷ் இந்தியா’ என்று மாற்றித் திறந்தேன். டேலி ஆனது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிச் சொன்னேன்.

ஒரு பைசா வாங்காமல் இதைச் சொன்ன மூன்று பேரும் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஏன் சொல்கிறார்கள் என்று ரொம்ப யோசித்திருக்கிறேன். இது புதுப் பழக்கமும் இல்லை. ஐபிஎம் 704 என்ற பெரிய கணினியை வாங்கவிருந்த அமெரிக்க நிறுவனங்களின் ஆட்கள் 1955-இலேயே லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கூடி, ‘ஷேர்’ என்ற பயனர் குழுவை ஆரம்பித்தார்கள். ஒரே நிரலை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுவது வீண் என்பதுதான் காரணம். 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர், தான் எழுதிவரும் ஓர் இயங்குதளத்தைப் பற்றி இணையக் குழு ஒன்றில் சொல்லி, அபிப்பிராயம் கேட்டார். லினக்ஸ் அப்படித்தான் வெளியே தெரிந்தது. நம் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழு உண்டு, பல வருடங்கள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடியது. காஞ்சிபுரத்துக் குழு இணையவழியில் தமிழிலேயே பேசுகிறது. இங்கிலீஷில் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது சௌகரியம்.

வங்கியில் ஒருவர் வவுச்சர் எழுதினால் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதியதை நானே பாஸ் செய்ய முடியாது. அந்தத் தளத்தில் நடந்ததும் அதுதான். முதல்வர் சொன்ன தப்பான யோசனையை இரண்டாமவர் எல்லோர் முன்னிலும் தடுத்தார். போனில் என்னிடம் இனிக்க இனிக்கப் பேசியவரைத் தடுக்க அங்கே யாரும் இல்லை, நானும் அவரும் மட்டும்தான். இந்தத் தளங்களிலும் சில ஆசாமிகள் நுழைவார்கள், ‘தனியாக மெசேஜ் பண்ணுங்கள், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்’ என்பார்கள். அங்கேயே நிறுத்திவிடுங்கள். உண்மையாக உதவுகிறவருக்கு உங்களைத் தனியே கூப்பிட அவசியமே இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். தேடும்போது நம் பிரச்சினையையே பத்து வருடம் முன்பு யாரோ கேட்டிருப்பார். ஆவலோடு கீழே போனால், ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று அவரே எழுதி முடித்திருப்பார். எப்படிச் சரியானது என்று இருக்காது! அந்த மனிதரை நேரில் பார்த்தால் சண்டை போடுவேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், எதனால் சரியானது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, சங்க ஹாலில், மடிக்கணினி, போன், பிரிண்டர் என்று எது தகராறு செய்தாலும் எடுத்து வாருங்கள். நானும் இருப்பேன், பி பிளாக் பெண்ணும் நேரம் இருக்கும்போது வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பாஸ்வேர்டை அவரவரே தட்ட வேண்டும், மற்றவர்கள் திரும்பிக்கொள்வோம். ஒரு நோட்டு வைக்கிறேன். என்ன பிரச்சினை, எப்படித் தீர்ந்தது என்று அதில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் அந்த மூன்று கறுப்பு எண்களை நானே எழுதிவிட்டேன். ஹாலில் பிளக் பாயின்ட் இரண்டுதான் இருக்கிறது, யார் வீட்டிலாவது நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் கொண்டுவாருங்கள்.