செப்புத் திட்டும் போர்வெல் மோட்டாரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவின் தொழில்நுட்ப அமர்வில் ஆற்றிய உரை)



"உன் வேலையிலிருந்து பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது சொல்லு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய விஷயம் எதுவும் நான் பேசப்போவதில்லை. அரிசி அளவுள்ள ஒரு செப்புத் திட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சர்க்யூட் போர்டில் ஒரு பாகம் உட்காருவதற்காக விடுகிற அந்த இடத்துக்கு 'பேட்' என்று பெயர்.

நீங்கள் லேபில் பார்க்கும் பழைய ரெசிஸ்டருக்கு இரண்டு கால் இருக்கும். துளையில் நுழைத்து, பின்பக்கம் பற்றவைப்போம். எஸ்.எம்.டி. பாகத்துக்குத் துளை கிடையாது. பேட்டின்மேல் சோல்டர் பேஸ்ட் தடவி, பாகத்தை அதன்மேல் வைத்து, அடுப்பில் சூடேற்றினால் பிடித்துக்கொள்ளும். பிடிமானம், மின்சாரம், வெப்பம் எல்லாம் அந்தத் திட்டு வழியாகத்தான். ஆனால் போர்டு வரைகிறவர்களில் பலர் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. லைப்ரரியில் ரெடிமேடாக இருக்கிறது, எடுத்துப் போட்டால் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

அதனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சோலார் பம்புக்குக் கன்ட்ரோலர் செய்யும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். களத்திலிருந்து வந்த புகார்களைப் பார்க்கச் சொல்லி எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். பாலக்கோடு பக்கம் தக்காளி போட்ட ஒரு விவசாயி, "தண்ணி இருக்கறப்பவே நின்னு போயிருதுங்க சார்" என்றார். அரூர் பக்கத்தில் கதை நேர்மாறு. போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போன பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடி, காயில் கருகிவிட்டது. ஆழத்திலிருந்து குழாய் குழாயாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்து, காயில் கட்டி, மறுபடி இறக்க என்ன செலவாகும் என்று இங்கே பலருடைய அப்பாவுக்குத் தெரியும். பயிர் வாடுவது தனிக் கணக்கு.

இரண்டும் ஒரே மாடல், ஒரே புரோகிராம். தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறையும்; அதைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் கன்ட்ரோலரின் வேலை. அளப்பதற்கு ஒரு மில்லிஓம் ஷன்ட் ரெசிஸ்டர் வைத்திருந்தார்கள். 10 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைக்கும் நடுவே 10 மில்லிவோல்ட் வரும். இரண்டு போர்டிலும் 10 ஆம்பியர் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒன்று 11 காட்டியது, இன்னொன்று 13ஐத் தொட்டது. புரோகிராமிலோ எல்லாப் போர்டுக்கும் சேர்த்து ஒரே திருத்தம். அதனால் ஒன்று அவசரப்பட்டு நின்றது, மற்றது நிற்கவே இல்லை.

ரெசிஸ்டரில் கோளாறு இல்லை. அது உட்கார்ந்த பேட்டில்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 மைக்ரான் கனமுள்ள செப்புப் படலத்தில் எந்தச் சதுரத்தை வெட்டினாலும், சின்னதோ பெரிதோ, அதன் மின்தடை சுமார் அரை மில்லிஓம். அளக்கும் கம்பியைப் பேட்டின் வெளி ஓரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். ஆக, ரெசிஸ்டரோடு செம்பையும் சோல்டரையும் சேர்த்தே அளந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு போர்டிலும் சோல்டர் ஒவ்வொரு அளவு. போதாததற்குச் செம்பின் மின்தடை, ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில், மூடிய தகரப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மருந்து புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே கெல்வின் பிரபு காட்டிய வழி: மின்னோட்டம் போக இரண்டு இணைப்பு, அளக்கத் தனியாக இரண்டு இணைப்பு. அதைப் பேட்டிலேயே செய்தோம். 'ப' எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு பெரிய பேட். அதன் வாய் ரெசிஸ்டரின் நடுப்பக்கம் பார்த்திருக்கும். அந்த வாய்க்குள், பெரிய பேட்டைத் தொடாமல், விரல் மாதிரி ஒரு சின்னப் பேட். மின்னோட்டம் 'ப' வழியாகப் போகும். அளவு விரல் வழியாக வரும். அதே ரெசிஸ்டர், அதே விலை. இரண்டு போர்டும் 10ஐ ஒட்டியே காட்டின.

இந்த மாதிரி வடிவம் லைப்ரரியில் சாதாரணமாக ஏன் இல்லை? அக்காலத்தில் போர்டு ஃபிலிமைப் போட்டோபிளாட்டர் என்ற இயந்திரம் வரையும். அதில் ஒரு சக்கரம். சக்கரத்தில் வட்டம், சதுரம் எனக் குறிப்பிட்ட சில துளைகள். அந்தத் துளை வழியாக ஒளி பாய்ச்சித்தான் பேட் வரைய முடியும். இயந்திரம் மாறிப் பல காலம் ஆகிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை. 1992இல் பிரான்சு நாட்டின் ழான்-பியேர் ஷரா தொடங்கிய கீகேட் என்ற இலவச மென்பொருளில், 2018இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து நாமே விரும்பிய வடிவில் பேட் வரையலாம். லைசென்ஸ் வாங்கப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை, ஹாஸ்டல் கம்ப்யூட்டரே போதும்.

செய்முறையில் நான்கு விஷயம் கவனியுங்கள். ஒன்று, வேண்டிய வடிவத்தை வரைந்து, அதற்குள் ஒரு சின்ன சாதாரணப் பேட்டை நங்கூரம் மாதிரி வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே பேட்டாக்க வேண்டும். இரண்டு, விரலுக்கும் 'ப'வுக்கும் ஒரே எண் கொடுக்காதீர்கள்; சர்க்யூட் படத்திலும் நான்கு முனை ரெசிஸ்டராகவே காட்டுங்கள். ஒரே எண் என்றால் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்து இணைத்துவிடும், பட்ட பாடு வீண். மூன்று, செம்பு, மாஸ்க், பேஸ்ட் மூன்றும் மூன்று தனி முடிவுகள். ஸ்டென்சில் என்பது கோல அச்சு மாதிரி; ஓட்டை சின்னதாக இருந்தால் மாவு இறங்காது. ஓட்டையின் பரப்பை அதன் சுவர்ப் பரப்பால் வகுத்தால் 0.66க்குக் குறையக்கூடாது என்பது தொழிலில் உள்ள வழக்கம். 0.12 மி.மீ. தகட்டில் 0.3 மி.மீ. சதுர ஓட்டை போட்டால் 0.625தான் வரும், பேஸ்ட் பாதி ஓட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். நான்கு, ஆர்டர் கொடுக்கும் முன் அசல் அளவில் காகிதத்தில் அச்செடுத்து, பாகத்தை அதன்மேல் வைத்துக் கண்ணால் பாருங்கள். ஒரு தாள் செலவு, அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை நம் மாவட்டத்தில் இருந்த ஓசூர் பக்கம் இன்று இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். இன்டர்வியூவில் "லேஅவுட் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் "தெரியும் சார்" என்பார்கள். "இந்த பேட்டுக்கு ஏன் இந்த வடிவம்?" என்று கேட்டால் பதில் சொல்பவர் சிலர்தான். அந்தச் சிலரில் நம் கல்லூரிப் பிள்ளைகள் இருக்க வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டில் ஒரே ஒரு பேட்டையாவது டேட்டா ஷீட் பார்த்து, கணக்குப் போட்டு, நீங்களே வரையுங்கள். சந்தேகம் வந்தால் சங்கத்தின் மூலம் எனக்கு எழுதுங்கள். சனி, ஞாயிறில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.