படகின் எடை எங்கே நிற்கிறது?

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில், ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பொம்மைப் படகைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள், சார்" என்று செயலாளர் சொன்னார். முதலில் அந்தப் 'பொம்மை' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். மேசை மேல் இருக்கும் இந்தப் படகின் நீளம் 70 சென்டிமீட்டர். பேட்டரியோடு சேர்த்து எடை 2 கிலோ. முழு வேகத்தில் ப்ரொபெல்லர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றும். விரல் பட்டால் விரல் மிஞ்சாது. நம் நீச்சல் குளத்தில் ஒரு தடவை ஓட்டிக் காட்டக் கூடாதா என்று நான்கு பேர் கேட்டீர்கள். கூடாது. அதற்கு இதுதான் காரணம்.

நானும் என் பேரனும் இதைச் செய்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. மோட்டார், சுக்கான், ரிமோட் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. பேட்டரியை எங்கே வைப்பது என்பது மட்டும் பாக்கி. பேட்டரி 600 கிராம். அதாவது படகின் மொத்த எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதை எங்கே வைக்கிறோமோ, எடையின் மையமும் அந்தப் பக்கமாகப் போகும். இது தெரிந்திருந்தும், இடம் வசதியாக இருந்த இடத்தில் வைத்து வெல்க்ரோ பட்டையை இழுத்துக் கட்டினேன். அளக்கவில்லை. பின்னால் கனம் இருந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு பறக்கும், அது நல்லதுதானே என்று ஒரு நினைப்பு வேறு.

ஊருக்கு வெளியே ஓர் ஏரி. முதல் ஓட்டம் காற்றோடு போயிற்று, பிரமாதம். திரும்பிக் காற்றுக்கு எதிரே வரும்போது மூக்கு குதிக்க ஆரம்பித்தது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். "தாத்தா, சூப்பரா குதிக்குது!" என்று பேரன் இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தான். அடுத்த தடவை ஏறிய மூக்கு இறங்கவில்லை. படகு அப்படியே பின்பக்கமாகக் கரணம் அடித்து, கரையிலிருந்து நாற்பது அடி தள்ளித் தலைகீழாக மிதந்தது.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பையன் முழங்கால் தண்ணீரில் நிற்கிறான். இன்னும் இரண்டு எட்டு வைத்தான். சேற்றில் கால் புதைந்து இடுப்பு வரை போய்விட்டது. "தம்பி, நவுராதே! அப்படியே நில்லு!" என்று ஒரு குரல். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மூங்கில் கழியோடு ஓடி வந்து அவனை இழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மண் அள்ளின குழி இருக்குய்யா. அதுக்கு அந்தாண்ட ஆள் முழுகும்" என்றார். அன்று வீட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே சொல்ல வேண்டாம்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: இந்த வேலையை ஏரிக்கரையில் செய்யாதீர்கள், சமையலறை மேடையில் செய்யுங்கள். படகு ஏன் கவிழ்ந்தது என்பதைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நின்றுகொண்டிருக்கும் படகை அடிப்பாகம் முழுவதும் தண்ணீர் தாங்குகிறது. வேகம் பிடித்ததும் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதை விட்டு, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போது அடிப்பாகத்தின் பின்பகுதி மட்டுமே தண்ணீரைத் தொடும். எடையின் மையம் அதற்கு மிகவும் முன்னால் இருந்தால் மூக்கு தண்ணீரை உழும். வேகம் வராது, திருப்பத்தில் மூக்கு குத்திக்கொண்டு படகு சுழன்றுவிடும். மிகவும் பின்னால் இருந்தால் மூக்கைக் கீழே பிடித்துவைக்க ஆளில்லை. தூக்கிய மூக்கின் அடியில் காற்று புகுந்து இன்னும் தூக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் சுக்கானாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய படகுகளுக்கும் இதே கதைதான். 1967 ஜனவரி 4 அன்று, இங்கிலாந்தில் கானிஸ்டன் ஏரியில், டொனால்ட் கேம்ப்பெல் தன் ப்ளூபேர்ட் கே7 படகை மணிக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டினார். மூக்கு எழும்பியது, படகு பின்கரணம் அடித்து நொறுங்கியது, அவர் உயிர் போயிற்று. மூக்கு எழும்பியதற்கு என்ன காரணம் என்பதைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். எழும்பிய பிறகு நடந்தது மட்டும் எங்கள் ஏரியில் நடந்ததேதான். பதினொரு ஆண்டு கழித்து, ஆஸ்திரேலியாவில் கென் வார்பி தன் வீட்டுக் கொல்லையில் மரத்தாலும் ஃபைபர் கிளாஸாலும் கட்டிய படகில் மணிக்கு 511 கிலோமீட்டர் போய்ப் பத்திரமாகக் கரை சேர்ந்தார். வீட்டில் வைத்துக் கட்டுவது ஒன்றும் கேவலமில்லை.

இனி அளவுக்கு வருவோம். எங்களுடையது போல அடிப்பாகம் 'வி' வடிவில் இருக்கும் ஒற்றை உடல் படகுக்கு, பின்பலகையிலிருந்து முன்னோக்கி நீளத்தில் சுமார் 30 சதவீதத்தில் எடை மையம் இருப்பது நல்ல தொடக்கம். சுக்கான், ப்ரொபெல்லர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நீளத்தில் சேர்க்காதீர்கள். 70 சென்டிமீட்டருக்கு 30 சதவீதம் 21 சென்டிமீட்டர். இரட்டை உடல் படகுக்கும் மற்ற வகைகளுக்கும் கணக்கு வேறு. வரைபடத்தோடு கொடுத்திருக்கும் அளவைப் பாருங்கள்.

மையம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். அவசரத்துக்கு அது போதும். நான் வங்கியில் லெட்ஜரோடு காலம் தள்ளியவன். எனக்கு எண் வேண்டும். சமையலறைத் தராசை எடுத்தேன். பேட்டரி, மூடி எல்லாவற்றோடும் எடை போட்டால் 2,000 கிராம். பின்பலகையின் அடியில் ஒரு கட்டை வைத்தேன். அதிலிருந்து சரியாக 50 சென்டிமீட்டர் முன்னால் தராசு, அதன் மேல் இன்னொரு கட்டை. படகு சமமட்டமாக உட்கார்ந்ததும் தராசு காட்டியது 720 கிராம். 720-ஐ 50-ஆல் பெருக்கி 2,000-ஆல் வகுத்தால் 18. மையம் 18-ல் இருக்கிறது, 21-ல் இருக்க வேண்டும். ஏரியில் மூன்று மாத உழைப்பைக் கவிழ்த்தது இந்த மூன்று சென்டிமீட்டர்தான். ஒரே ஒரு வகுத்தல் கணக்கு!

முன்னால் ஈயத்துண்டு ஒட்டிவிடலாமே என்று பேரன் கேட்டான். ஒட்டலாம், ஆனால் அந்த எடையையும் மோட்டார் சுமக்க வேண்டும். இருக்கிற எடையை முதலில் நகர்த்துவோம். படகின் மையம் 3 சென்டிமீட்டர் நகர, பேட்டரி எவ்வளவு நகர வேண்டும்? 3-ஐ 2,000-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 10 சென்டிமீட்டர். நகர்த்தினோம். தராசு 840 காட்டியது. டேலி!

இடது வலமும் பார்க்க வேண்டும். ட்ரில்லிங் மெஷின் சுவரில் சிக்கினால் கையில் எதிர்ப்பக்கமாக முறுக்கும் அல்லவா? அதுபோல ப்ரொபெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் படகு மறுபக்கம் சாயும். ஓடும்போது எந்தப் பக்கம் மேலே எழும்புகிறதோ, அந்தப் பக்கமாக நாங்கள் பேட்டரியை 5 மில்லிமீட்டர் தள்ளினோம்.

அடுத்த தடவை ஏரிக்குப் போனபோது படகு அடங்கி ஓடியது, ஆனால் மூக்கு கொஞ்சம் ஈரமாகவே போயிற்று. பேட்டரியை மூன்று சென்டிமீட்டர் பின்னால் இழுத்தோம். மையம் 20-க்கு வந்தது. தண்ணீரை லேசாக முத்தமிட்டுக்கொண்டு போனது. ப்ரொபெல்லரையும் மாற்றலாம் என்று பையன் துடித்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதனால் நடந்தது என்றே தெரியாது. டேலி ஆகாத நாளில் இரண்டு பதிவுகளைச் சேர்த்துத் திருத்தியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பேட்டரித் தட்டில் இரண்டு பென்சில் கோடு இருக்கிறது. பின்கோடு அமைதியான காலைக்கு. முன்கோடு காற்றடிக்கும் மாலைக்கு. இந்த விஷயத்தில் ஒரே சரியான புள்ளி என்று ஒன்று கிடையாது.

படகின் உள்ளே காலி இடத்தில் தெர்மகோல் அடைத்திருக்கிறோம், கவிழ்ந்தாலும் முழுகாது. எடுத்து வர ஒரு தூண்டில் கழியும், நரம்பில் கட்டிய டென்னிஸ் பந்தும் வைத்திருக்கிறோம். பந்தைப் படகுக்கு அப்பால் வீசி, நரம்பைச் சுற்றினால் படகு கரைக்கு வந்துவிடும். யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. அந்தப் பெரியவர் சில நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். போன வாரம் ரிமோட்டைக் கேட்டு வாங்கி ஓட்டினார். எங்களைவிட நன்றாகவே ஓட்டினார்.

பிள்ளைகள் முன்னால் வந்து படகைத் தொட்டுப் பார்க்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.